பாஸான ரத்தம்

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஊசி குத்துவதைப் பற்றிப் பேசப் போவதில்லை. அது கைக்குத் தானாக வந்துவிடும். இயந்திரங்களைப் பற்றியும் பேசப் போவதில்லை. நான் பழகியவற்றை இப்போது யாரும் வைத்திருக்க மாட்டார்கள். சின்னமனூரில் ஒரு மருத்துவமனையை ஒட்டிய சிறிய லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே ரத்தம் கொடுக்க வந்த ஒரு கணவன் மனைவியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

வைட்டமின் அளவு பார்க்கும் பரிசோதனை எங்கள் பக்கம் பரவிய புதிதில் பலருக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. சர்க்கரை தெரியும், கொழுப்பு தெரியும். வைட்டமின் என்றால் மாத்திரை. அது ரத்தத்தில் எதற்கு இருக்கிறது என்று கேட்பார்கள். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், வைட்டமின் டி குறைவு என்ற ரிப்போர்ட்டை என் மேசையிலேயே திருப்பி வைத்தார்.

"இது வேற ஆளோடதும்மா. எந்நேரமும் வெயில்ல கெடக்குறவன் நான். எனக்கே வெயில் சத்து இல்லன்னா இந்த ஊருல எவனுக்கு இருக்கும்?"

வெயிலில் எங்கே நிற்பீர்கள் என்று கேட்டேன். பந்தலுக்கு அடியில் என்றார். சட்டை? முழுக்கை. தலையில்? உருமா. சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, தன் கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவரிடம் எனக்கு வேலை சுலபம். எண் சரியாக இருந்தது, கேள்வியும் சரியாக அமைந்துவிட்டது.

ராசாங்கம் விஷயத்தில் எண்ணே எதிராக நின்றது.

ராசாங்கம் கோம்பைக்காரர். ஐம்பதை ஒட்டிய வயது. கொஞ்சம் வாழை, கொஞ்சம் காய்கறி என்று சொந்த வெள்ளாமை. பாதம் மதமதவென்று இருப்பதாகவும் நடை தள்ளாடுவதாகவும் சொல்லி டாக்டரைப் பார்த்துவிட்டு, ரத்த அணுக்கள், வைட்டமின் பி12 என்று இரண்டு பரிசோதனைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு லேபுக்கு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி ஈஸ்வரி வந்தார். டாக்டர் அறைக்குள் போகாமல் வெளியிலேயே உட்கார்ந்திருந்தவர் அவர். கையில் ஒரு கட்டைப்பை, துணி திணித்து உப்பியிருந்தது. கணவரை நாற்காலியில் உட்காரவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"யக்கா, ஒண்ணு கேக்கணும். குடிச்சிருக்காகளான்னு பாக்க டெஸ்ட் இருக்கா?"

"யாருக்கு?"

"இந்தா உக்காந்திருக்காகள்ல, இவுகளுக்குத்தான். நீங்க எடுக்கிற ரத்தத்துலயே அதையும் சேத்துப் பாத்துச் சொல்லிருங்க."

ராசாங்கம் காதில் விழும்படிதான் பேசினார். ராசாங்கம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈஸ்வரி சொன்னது இது. கணவர் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். ஆறு வருஷத்துக்கு முன் சபரிமலைக்கு மாலை போட்டபோது விட்டார். மாலையைக் கழற்றிய பிறகும் தொடவில்லை. கறி, மீன், முட்டையையும் அன்றோடு விட்டுவிட்டார். இப்போது சில மாதங்களாக மறுபடி தள்ளாடுகிறார். வரப்பில் விழுகிறார். இருட்டிவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

"அன்னைக்கு ஒத்தச் செருப்போட வந்து நிக்காகக்கா. இன்னொண்ணு எங்கன்னு கேட்டா, காலப் பாத்துட்டு முழிக்கிறாக. கழண்டது தெரியலையாம்! தெருவே சிரிக்குது. குடிக்காத மனுசனுக்குச் செருப்புக் கழண்டது தெரியாமப் போகுமா?"

"வாசம் வருதா?"

"அதான் புரியல. காலையில எந்திரிச்சு மூஞ்சிக்குச் சோப்புப் போடும்போதே ஆடுறாக. கிட்டப் போயி மோந்து பாத்தேன். ஒண்ணும் வரல. கொமுளிப் பக்கம் வாசமே வராத சரக்கு வந்திருக்காம்ல?"

"அப்படி ஒண்ணு வந்திருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார் ராசாங்கம், காலண்டரைப் பார்த்தபடியே.

"நீங்க பேசாதீக."

திரும்பத் தொட்டால் வடுகபட்டியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதாக ஆறு வருஷத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாராம். பையைத் தட்டிக் காட்டினார். "துணியெல்லாம் எடுத்துட்டேன். சத்துக் கொறைச்சலா இருக்கலாம்னு டாக்டரு சொன்னாகன்னு இவுக சொல்றாக. சத்துக் கொறைச்சலுக்கு மெலிவாக, சோந்து படுப்பாக. ஆடுவாகளா? ரிப்போர்ட் வரட்டும். சத்து கொறைவுன்னு வந்தா வீட்டுக்கு. இல்லன்னா நான் பஸ் ஏறிருவேன்."

கோபத்தில்கூட அந்த மரியாதை 'ஆக' மாறவே இல்லை என்பதைக் கவனித்தேன். குடிகாரர் என்று குற்றம் சாட்டும்போதும் அவர் 'வந்தாக, நின்னாக' தான். போக முடிவெடுத்தவரின் பேச்சாக அது எனக்குப் படவில்லை. ஆனால் அது என் வேலை இல்லை. சீட்டைப் பார்த்து, வழக்கமாகக் கேட்பதை ராசாங்கத்திடம் கேட்டேன்.

"மருந்து மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?"

"ஒண்ணும் இல்லக்கா."

பதிந்துகொண்டேன். ரத்தம் எடுக்கக் கையை நீட்டச் சொன்னபோது, சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டதாகவும் இரண்டு நாள் கழித்து வெறும் வயிற்றோடு வருவதாகவும் சொன்னார். ஊசிக்குப் பயந்து இப்படித் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். சரி என்றேன். வெளியே போகும்போது, வாசலில் விட்ட செருப்பைக் குனிந்து, கண்ணால் இடம் பார்த்து மாட்டினார். நாம் யாரும் செருப்பைப் பார்த்து மாட்டுவதில்லை. கால் தானே தேடிக்கொள்ளும்.

சொன்னபடி வந்தார்கள். ராசாங்கம் முகச்சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்து, இஸ்திரிப் பெட்டி போட்ட சட்டையில் வந்திருந்தார். ஈஸ்வரி அதே பையோடு. ரத்தம் கொடுத்துவிட்டு இருவரும் வெளி பெஞ்சில் உட்கார்ந்தார்கள், நடுவில் பை.

மதியம் எண் வந்தது. பி12 குறைவில்லை. குறைவில்லை என்பது சிறிய வார்த்தை. இயந்திரம் காட்டக்கூடிய மேல் எல்லையையும் தாண்டி இருந்தது.

அந்த எண் என்ன செய்யும் என்பதை நினைத்துப் பாருங்கள். அணுக்களின் பரிசோதனையில் சிவப்பணுக்கள் பெருத்திருப்பதாக வந்திருந்தது. பி12 குறைந்தால் அவை பெருக்கும். தொடர்ந்து குடிப்பவர்களுக்கும் பெருக்கும். இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்து வைத்தால், 'சத்தில் குறையில்லை. அணுக்களோ குடிகாரருடையவை போல' என்றுதான் வாசிக்கத் தோன்றும். வெளியே பெஞ்சில் ஒரு பெண் அதை வாசிக்கத்தான் காத்திருந்தார். வடுகபட்டிக்குப் போக, பெரியகுளம் பஸ் அரை மணிக்கு ஒன்று உண்டு.

குழாய் மாறியதா என்று பார்த்தேன். மாறவில்லை. மறுபடி ஓட்டினேன். அதே எண். இந்த இடத்தில் நம் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. இயந்திரம் சரி, மாதிரி சரி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம். தப்பே இல்லை. எனக்கு உறுத்தியது ஒன்றுதான்: ஆறு வருஷமாகக் கறியும் முட்டையும் தொடாத ஒருவருக்கு, தினமும் ஈரல் சாப்பிடுகிறவருக்குக்கூட வராத எண் எங்கிருந்து வந்தது? குறைந்த எண்ணைத்தான் நாம் சந்தேகிக்கப் பழகியிருக்கிறோம். அளவுக்கு மீறி நல்ல எண்ணையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டை மேசையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். இருவரும் எழுந்தார்கள்.

"வந்துருச்சாக்கா?"

"வந்துருச்சு. டாக்டர்கிட்டக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கேக்கணும். உக்காருங்க."

நானும் அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். மருந்து எடுக்கிறீர்களா என்று மறுபடி கேட்டால் மறுபடியும் இல்லை என்றுதான் வரும். அதனால் வேறு மாதிரி கேட்டேன்.

"உடம்பு அசதியா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"அசதின்னா... ஒரு சத்து ஊசி போட்டுக்கிருவேன். செவப்பா இருக்குமே, அது. எங்கூருல ஒருத்தரு போட்டு விடுவாரு."

"கடைசியா எப்ப போட்டீங்க?"

ராசாங்கம் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரொம்ப வருசமாப் போடல. இப்பத்தான் முந்தாநேத்து ஒண்ணு, நேத்து ஒண்ணு."

"டாக்டரைப் பாத்துட்டுப் போன பிறகா?"

"டெஸ்டுக்கு வரணும்ல? ரத்தம் நல்லா இருக்கணும்னுதான் போட்டேன். இவ வேற ரிப்போர்ட் வரட்டும், வரட்டும்னு பையத் தூக்கிட்டுத் திரியுறா. டெஸ்டுன்னா பாஸாகணும்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. ரத்தம் தராமல் தள்ளிப்போட்டதற்கும், அந்தப் பெட்டி போட்ட சட்டைக்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. அந்தச் சிவப்பு ஊசிக்குள் இருப்பது பி12தான். குறையைக் கண்டுபிடிக்க எடுக்கும் ரத்தத்தில் அதையே ஊற்றிக்கொண்டு வந்திருந்தார், தன் பக்கம் சாட்சி சொல்லட்டும் என்று.

"அப்புறம் ஏன் மருந்து எதுவும் இல்லன்னு சொன்னீங்க?"

"சத்து ஊசிதானக்கா?" என்றார். உண்மையாகவே புரியாமல் கேட்டார். "அது எப்பிடி மருந்தாகும்?"

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். எங்கள் பக்கம் மருந்து என்றால் நோய்க்குக் கொடுப்பது. சத்து ஊசி மருந்தில் சேராது. குளுக்கோஸ் பாட்டில் சேராது. வயிறு உப்பினால் போடும் கேஸ் மாத்திரையும், முடி கொட்டுவதற்கு மகள் வாங்கித் தந்த மாத்திரையும் சேராது. இவற்றில் பாதி நம் எண்ணை மாற்றிவிடும். கேட்டால் 'ஒன்றும் இல்லை' என்பார்கள், அது பொய்யும் இல்லை. நீங்கள் வேறு ஊர்களில் வேலை பார்ப்பீர்கள். அங்கே எது மருந்து, எது மருந்தில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஈஸ்வரி இன்னும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "அப்ப ரிப்போர்ட்டுல என்ன போட்டிருக்கு? கொறைவா, இல்லையா?"

"கொறைவு இல்லன்னுதான் வந்திருக்கு. ஆனா அது ஊசியோட அளவு. இவரோட அளவு என்னன்னு இனிமே தெரியாது."

"பாத்தீகளா!" என்று கணவரைக் கைகாட்டினார். "நெசத்தக் கண்டுபிடிச்சிருவாகன்னுதான் ஊசியப் போட்டு அழிச்சிருக்காக."

ராசாங்கத்தின் முகம் சுருங்கிவிட்டது. பாஸாக வேண்டும் என்று செய்தது தனக்கே எதிராகத் திரும்பிவிட்டதை அவர் புரிந்துகொண்டார். அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்தாலும் எனக்குத் தெரியாததை நான் சொல்ல முடியாது. பேச்சை வேறு பக்கம் கொண்டுபோனேன். வீட்டில் என்ன சமையல் என்று ஈஸ்வரியிடம் கேட்டேன்.

"என்னத்தச் சமைக்க? கறி வாசம் வந்தா பாட்டில் ஞாபகம் வருதுன்னாக. சரின்னு நானும் ஆறு வருசமாக் கறிச்சட்டியே அடுப்புல ஏத்தல. முட்டையும் கெடையாது. பாலும் வாங்குறதில்ல, ரெண்டு பேருக்கும் கட்டன் டீதான். இப்பக் கொழம்புல காரம்கூடப் போட முடியல. நாக்கு வெந்தமாதிரி எரியுது."

"யாருக்கு? அவருக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்."

நாக்கை நீட்டச் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நீட்டினார். சொரசொரப்பே இல்லாமல் வழவழவென்று சிவந்திருந்தது.

டாக்டரிடம் போய் ஊசியைப் பற்றியும் நாக்கைப் பற்றியும் காலையில் சோப்புப் போடும்போது ஆடுவதைப் பற்றியும் சொன்னேன். அவர் மதுரைக்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ராசாங்கத்தின் ரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். பெருத்த சிவப்பணுக்களுக்கு நடுவே, உட்கரு அளவுக்கு மீறித் துண்டு துண்டாகப் பிரிந்த வெள்ளணுக்கள் இருந்தன. பி12 குறைவில் வருகிற அடையாளம் அது. ஊசி போட்டாலும் உடனே மறையாது.

"எண்ணைத்தான் அழிச்சிருக்கார். இதை அழிக்க முடியல" என்றார். "அந்த அம்மாவை உள்ளே கூப்பிடுங்க. முதல் நாளே கூப்பிட்டிருக்கணும்."

இந்த முறை ஈஸ்வரி உள்ளே வந்தார். ராசாங்கத்தைக் கால்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார் டாக்டர். ஈஸ்வரியை அவருக்குப் பின்னால் நிறுத்தினார். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

"கண்ணைத் திறந்துகிட்டு நில்லுங்க."

நின்றார். ஆடவில்லை.

"இப்ப மூடுங்க."

மூடினார். ஒரு மூச்சு விடும் நேரம்தான். உடம்பு முன்னும் பின்னும் ஆடி, வெட்டிய வாழை மாதிரி பின்னால் சாய்ந்தது. ஈஸ்வரி பையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். ராசாங்கத்தின் எண்ணெய்த் தலை அவர் தோளில் கிடந்தது.

"ஆத்தாடி!"

"சோப்புப் போடும்போது இதுதாம்மா நடக்குது" என்றார் டாக்டர். "பாதம் எங்க இருக்குன்னு மூளைக்குச் சேதி போகல. கண்ணால பாத்துத்தான் நடக்கிறார். கண்ணை மூடினா, இருட்டினா, விழுந்துடுவார்."

ஈஸ்வரி பிடியை விடாமலே கேட்டார். "இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எனக்கே தெரிஞ்சாத்தான?" என்றார் ராசாங்கம், தோளில் சாய்ந்தபடியே. "குடிச்சிருக்கீக, குடிச்சிருக்கீகன்னு நீ சொல்லச் சொல்ல, எங்கயாச்சும் குடிச்சுட்டு மறந்துட்டனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

ஈஸ்வரி அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு டாக்டரிடம் நேராகக் கேட்டார்: "அப்ப, இவுக குடிக்கலதான?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"குடிக்கிறாரா இல்லையான்னு நான் சாட்சி சொல்ல முடியாதும்மா. ஆறு வருஷத்துக்கும் சேர்த்துச் சொல்ற டெஸ்ட் எதுவும் இல்ல. கால் ஏன் ஆடுதுன்னு மட்டும்தான் சொல்ல முடியும். அதுக்கு உங்க ரத்தம் வேணும்."

"என் ரத்தமா?"

"ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க நீங்க ரெண்டு பேரும். அவர் அளவை ஊசி மறைச்சிருச்சு. நீங்க ஊசி போடலையே?"

"நான் எதுக்குப் போடப் போறேன்?"

லேபில் என் எதிரே கையை நீட்டியபோது, பக்கத்தில் நின்ற ராசாங்கம் கொஞ்சம் தெம்பாகிவிட்டார். "ஏத்தா, நல்லா யோசிச்சுச் சொல்லு. டெஸ்டுக்கு முன்னாடி ஊசி கீசி எதும் போட்டியா?"

"வாய மூடுங்க. அக்கா குத்தட்டும்."

அன்று அவர்கள் மதியச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. சாயங்காலம் எண் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, நீங்களே கொண்டுபோய்ச் சொல்லுங்கள் என்றார். மறுபடி அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, எண்ணையும் அதற்குப் பக்கத்தில் அச்சாகியிருந்த குறைந்தபட்ச அளவையும் விரலால் காட்டினேன். எண் அதற்கும் வெகுவாகக் கீழே இருந்தது.

ஈஸ்வரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நானும் குடிகாரியாக்கா?"

இந்த முறை நான் சிரித்துவிட்டேன். ராசாங்கமும் சிரித்தார். ஈஸ்வரி சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து உட்கார்ந்திருந்தார். கணவருடைய குடி திரும்பக் கூடாது என்றுதான் அந்த வீட்டில் கறிச்சட்டி ஏறாமல் இருந்தது. இருவரையும் இங்கே கொண்டுவந்து உட்காரவைத்ததும் அதுதான். அதை நான் சொல்லவில்லை. அவருக்கே புரிந்திருந்தது.

டாக்டர் இருவருக்கும் ஊசி எழுதினார், முறையாக. கறி வேண்டாம் என்றால் வேண்டாம், பாலும் தயிருமாவது சேருங்கள் என்றார். பாதத்தில் உணர்வு திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம், முழுதும் திரும்பும் என்று உறுதி இல்லை, விட்ட குடியும் கொஞ்சம் காரணமாக இருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

வெளியே வந்ததும் ஈஸ்வரி கட்டைப்பையைக் கணவர் கையில் கொடுத்தார்.

"இதத் தூக்கிட்டு வாங்க. கீழ பாத்து நடங்க."

"எங்கன போறோம்?"

"கோம்பை பஸ் அங்கன நிக்குது பாருங்க. வேற எங்கன போக?"

அதன் பிறகு ஊசிக்காக மாதா மாதம் வந்தார்கள். லேபில் வேலை இல்லாவிட்டாலும் எட்டிப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். நாக்கு ஆறிவிட்டது என்றும் குழம்பில் காரம் பழையபடி ஏறிவிட்டது என்றும் ஈஸ்வரி சொன்னார். ராசாங்கம் தன் காலைப் பற்றிப் பேசமாட்டார். கேட்டால், "இருக்கு" என்பார்.

அடுத்த கோடையில் ஒரு நாள் ராசாங்கம் மட்டும் வந்தார். வியர்த்திருந்தது. வாசலிலேயே நின்று வலது பாதத்தைத் தூக்கிக் காட்டினார். செருப்பின் வார் அறுந்து, சேஃப்டி பின் போட்டிருந்தது.

"பஸ்ஸ விட்டு எறங்கி வாரேன்க்கா. நாலு எட்டு வச்சிருப்பேன். தார் ரோட்டுல சுரீர்னு சுட்டுச்சு. என்னடான்னு பாத்தா வார் அறுந்து செருப்பு பின்னால கெடக்கு."

"வலிச்சுதா?"

"சுட்டுச்சுக்கா" என்றார் மறுபடியும், அவ்வளவு சந்தோஷமாக. "திரும்பிப் போயி எடுத்துட்டு வந்தேன். இருங்க, அவளுக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லிட்டு வாரேன்."